மரியாதை கற்றுக்கொடுக்கப் போய் நான் தொலைத்த ஏழு மாதங்கள்

என் மகளுக்கு நான்கு வயது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, எனக்கு வேலை மாற்றலாகி வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தோம். கணவரால் தம் வேலையை உடனே விட முடியவில்லை என்பதால் முதல் ஓராண்டு நானும் மகளும் மட்டும்தான். வீடு பார்ப்பது, மழலையர் பள்ளியில் சேர்ப்பது, அலுவலகத்தில் புதிய பொறுப்பை ஏற்பது என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஆனால் 16 குழந்தைகள் படிக்கும் ஒரு வகுப்பில், 9 வீட்டு மொழிகள் புழங்கும் இடத்தில், ஒரு குழந்தை 'நல்ல பிள்ளை' என்று பெயரெடுப்பது எப்படி என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அதுவரை அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் "எவ்வளவு அடக்கமான குழந்தை!" என்று சொல்லியே எனக்குப் பழக்கம். போன இடத்திலும் அதே பெயர் தானாகக் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை கலைந்த பிறகு நான் செய்த காரியங்களையும், அவற்றால் என் மகள் பட்ட பாட்டையும், பிறகு கற்றுக்கொண்டதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இவற்றை யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தால் ஏழு மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

பள்ளியில் சேர்ந்த நான்காவது வாரம், மகளின் பையில் மடித்து வைத்த ஒரு சீட்டு இருந்தது. அவளுடைய மரியாதைப் பழக்கங்களில் வீட்டிலும் கொஞ்சம் கவனம் செலுத்தினால் உதவியாக இருக்கும் என்று ஆசிரியை எழுதியிருந்தார். இரண்டே வரிகள்தான். அவற்றைச் சமையலறையில் நின்றபடி நான்கைந்து முறை படித்தேன். கோபமா அவமானமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத ஒன்று தொண்டையை அடைத்தது. மகளைக் கேட்டால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆசிரியையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் வளர்ப்பு சரியில்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் 11 நாட்கள் கழித்துத்தான் போய்க் கேட்டேன். அந்த 11 நாட்களிலும், என்ன தவறு என்றே தெரியாமல், காலையில் பல் துலக்குவதிலிருந்து இரவு படுக்கும் வரை மகளைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

கேட்ட பிறகுதான் விவரம் தெரிந்தது. ஆசிரியை குறிப்பிட்டவை மூன்றே விஷயங்கள். பேசும்போது அவள் கண்ணைப் பார்ப்பதில்லை. எதைக் கேட்டாலும் "ப்ளீஸ்" என்ற சொல் இல்லாமல் கட்டளை போடுவதுபோல் கேட்கிறாள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறாள். இந்த மூன்றும் எங்கள் வீட்டில் குற்றங்களே அல்ல. பெரியவர் கண்டித்துப் பேசும்போது பார்வையைத் தாழ்த்துவதுதான் நாங்கள் பழக்கிய பணிவு. கிழக்கு ஆசியாவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பல சமூகங்களில் இதே வழக்கம் உண்டு. மேற்கத்திய வகுப்பறையிலோ கண்ணைப் பார்க்காத குழந்தை கவனிக்கவில்லை, அல்லது எதையோ மறைக்கிறது என்று பொருளாகிவிடும். "ப்ளீஸ்" விஷயம் இன்னும் வேடிக்கையானது. தமிழில் வேண்டுகோளின் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. "தண்ணி தர்றீங்களா?" என்று கேட்கும் குழந்தை அதற்குள்ளேயே மரியாதையைச் சொல்லிவிடுகிறாள். அதே குழந்தை அதை ஆங்கிலத்தில் "கிவ் மீ வாட்டர்" என்று மாற்றும்போது வால் உதிர்ந்துவிடுகிறது. வீட்டுக்குள் "தயவுசெய்து" என்றோ "நன்றி" என்றோ அவள் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை; பெற்ற தாயிடம் நன்றி சொன்னால் நமக்கு அது ஏதோ பிரித்துப் பேசுவதுபோல் அல்லவா இருக்கும்.

மூன்றாவதைக் கேட்டபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. "தண்ணீர் வேண்டுமா?" என்று ஆசிரியை கேட்கும்போதெல்லாம் அவள் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டியிருக்கிறாள். நமக்கு அது "சரி". ஆசிரியைக்கு அது "வேண்டாம்". இத்தனை வாரமாக அவளுடைய தண்ணீர்ப் புட்டி அநேகமாக நிரம்பியபடியே வீடு திரும்பியதன் காரணம் அன்றுதான் விளங்கியது. பல்கேரியாவில் பிறந்து வளர்ந்த ஒரு சக ஊழியரிடம் பிறகு இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவருடைய ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்கள். இல்லை என்பதற்கு மேலும் கீழும் அசைப்பார்கள். வெளிநாடு போனால் தலையை அசைக்காமல் வாயால் மட்டும் பதில் சொல் என்று தன் மகனுக்கு அவர் முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டாராம்.

ஆகவே, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். 'மரியாதை இல்லை', 'அடம்', 'முரட்டுத்தனம்' போன்ற சொற்கள் வந்தால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் உருகாமல், என்ன நடந்தது, யாரிடம், எப்போது என்று அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் வீட்டில் ஆமாம், இல்லை, பணிவு, பயம் ஆகியவை எப்படி வெளிப்படும் என்பதைச் சேர்க்கும்போதே ஆசிரியைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. நான் பிந்தி எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்தான், அதைப் படித்த மறுநாளிலிருந்து ஆசிரியை அவளிடம் தண்ணீரைக் காட்டி "எடுத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டு, வாயால் பதில் வரும் வரை காத்திருக்கத் தொடங்கினார். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதற்குப் பதில், பேசுபவரின் மூக்கையோ நெற்றியையோ பார்க்கச் சொன்னால் போதும். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, குழந்தைக்கும் கூச்சம் குறையும். ப்ளீஸ் போன்ற சொற்களை ஒழுக்கப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அந்த மொழியில் அந்த வாக்கியம் அப்படித்தான் முழுமையாகும் என்று, பாட்டின் அடியைச் சொல்லிக்கொடுப்பதுபோல முழு வாக்கியமாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. அந்தச் சீட்டு தந்த அவமானம் என்னை விடவில்லை. இனி எந்த வீட்டிலிருந்தும் எந்த நாட்டவரிடமிருந்தும் ஒரு குறை வரக்கூடாது என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது. வார இறுதி நன்னடத்தை வகுப்பு ஒன்றில் மகளைச் சேர்த்தேன். 10 வாரக் கட்டணம் எங்கள் ஒரு மாத வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. பாதியில் நின்றால் திருப்பித் தர மாட்டார்கள். படங்கள் நிறைந்த புத்தகங்கள் வாங்கினேன். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினேன். வணக்கம் சொன்னால் ஒரு நட்சத்திரம், நன்றி சொன்னால் ஒன்று, பொம்மையைப் பகிர்ந்தால் இரண்டு, விழுந்ததை எடுத்துக் கொடுத்தால் இரண்டு. 20 நட்சத்திரம் சேர்ந்தால் அவள் கேட்கும் பொருள் கிடைக்கும். முதல் மூன்று வாரம் அது அற்புதமாக வேலை செய்தது. புகைப்படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அதோடு, தினமும் இரவில் ஒரு நாடு என்று பாடம் நடத்தினேன். ஜப்பானியர்கள் குனிந்து வணங்குவார்கள், வீட்டுக்குள் காலணி போடமாட்டார்கள். கொரியர்கள் பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் வாங்குவார்கள். தாய்லாந்தில் ஒருவர் தலையைத் தொடக்கூடாது, காலைப் பிறர் பக்கம் நீட்டக்கூடாது. துருக்கியில் பெரியவர் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். தகவல்களில் தவறில்லை. நான்கு வயதுக் குழந்தையின் தலைக்குள் அவை போய் என்ன ஆகும் என்பதைத்தான் நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஒருநாள் மின்தூக்கியில் எங்களோடு ஏறிய ஓர் அம்மையாரைப் பார்த்ததும் என் மகள் இடுப்பை வளைத்து ஆழமாகக் குனிந்து வணங்கினாள். அவர் திகைத்து, பிறகு மெல்லிய குரலில், "கண்ணே, நான் பிறந்ததே இந்த ஊரில்தான், என் பெற்றோர் வியட்நாமிலிருந்து வந்தவர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்து நாட்டை முடிவுசெய்யும் பழக்கத்தை என் மகளுக்கு நானே மரியாதை என்ற பெயரில் ஊட்டியிருக்கிறேன் என்பது உறைத்தது. வீடு வந்து சேரும் வரை எனக்குப் பேச்சு எழவில்லை.

அதற்கடுத்த வாரம் நடந்தது இன்னும் மோசம். கீழ்த்தளத்தில் இருந்த ஈரானியக் குடும்பத்தார் எங்களைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். அலமாரியில் இருந்த ஒரு சிறிய நீலக் கண்ணாடிப் பறவையை என் மகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு" என்றாள். அந்த வீட்டம்மா உடனே அதை எடுத்து அவள் கையில் வைத்து, "உனக்குத்தான், வைத்துக்கொள்" என்றார். மகள் முறைப்படி "தேங்க்யூ" சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். நானும் இரண்டு நட்சத்திரம் என்று மனத்துக்குள் கணக்கு வைத்துக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான், ஈரானியரிடையே 'தாரோஃப்' என்றொரு உபசார வழக்கம் இருப்பதும், புகழப்பட்ட பொருளை "உங்களுடையது" என்று நீட்டுவது அந்த உபசாரத்தின் பகுதி என்பதும், பெறுபவர் இரண்டு மூன்று முறை மறுப்பதுதான் முறை என்பதும் தெரிந்தது. பறவையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா, "குழந்தைதானே, அவள் வைத்துக்கொள்ளட்டும்" என்று மனமாரச் சொன்னார். அதுவும் உபசாரமோ என்று பயந்து நான் வைத்துவிட்டு வந்தேன். படிக்கட்டில் ஏறும்போது, "யார் எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கிடுவியா?" என்று மகளைக் கடிந்துகொண்டேன். அவள் கேட்டாள், "நான் தேங்க்யூ சொன்னேனேம்மா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் அழவுமில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பேசுவாள், பள்ளி வாசலைத் தாண்டியதும் வாய் மூடிவிடும். ஐந்து வாரம் இப்படி. வேறு மொழிச் சூழலில் புதிதாக நுழையும் குழந்தைகள் சிலர் தொடக்கத்தில் கொஞ்ச காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அது இயல்புதான் என்று ஆசிரியை ஆறுதல் சொன்னார். ஆனால் இவள் முதலில் பேசிவிட்டுப் பிறகல்லவா நிறுத்தியிருந்தாள். குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் காது கேட்பதைச் சோதித்துவிட்டு, வீட்டில் எதற்கெல்லாம் திருத்துகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு அட்டவணையின் புகைப்படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். பள்ளியில் பேசாமை ஒரு மாதத்தைத் தாண்டினால் பெற்றோர் தாமே காரணம் கற்பித்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. நான் பார்த்ததில் செய்த ஒரே தவறு தாமதம்தான்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது பூங்காவில் நடந்த ஒரு சிறிய விஷயம். எங்களுக்குப் பக்கத்து மேசையில் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு சிறுவனின் கிரேயான் பெட்டி கவிழ்ந்து, குச்சிகள் நாலாபக்கமும் உருண்டன. அவனுக்கு மூன்று வயது இருக்கலாம், அழத் தொடங்கினான். ஒரு சிவப்புக் குச்சி உருண்டு வந்து என் மகளின் காலணி முனையில் தட்டி நின்றது. ஊரை விட்டு வருவதற்கு முன்பாக இருந்தால் அவள் மண்டியிட்டு எல்லாவற்றையும் பொறுக்கியிருப்பாள். அப்படிப்பட்ட குழந்தைதான் அவள். அன்று அவள் குனியவில்லை. அந்தக் குச்சியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் காதருகே வந்து, "எடுத்துக் கொடுத்தா ஸ்டார் உண்டா? அவன் எந்த ஊரு?" என்று கேட்டாள்.

அன்று இரவு அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். முன்பே படித்திருக்க வேண்டியவை அவை. ஃபெலிக்ஸ் வார்னெகென், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் முன்னிலையில் ஒருவர் துணி காயப்போடும் கிளிப்பைத் தவறவிட்டு அதை எட்ட முடியாமல் தவிப்பார். யாரும் சொல்லாமலே, எந்தப் பரிசும் இல்லாமலே, பெரும்பாலான குழந்தைகள் ஏதாவதொரு வகையில் உதவ முன்வந்தார்கள். அதே இருவர் 2008-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னைச் சுட்டது. உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பிறகு பரிசு நிறுத்தப்பட்டபோது, ஒன்றுமே பெறாத குழந்தைகளைவிடவும், வெறும் பாராட்டு மட்டும் பெற்றவர்களைவிடவும் குறைவாகவே உதவினார்கள். அதாவது, என் மகளிடம் ஏற்கெனவே இருந்ததை நட்சத்திரம் கொடுத்து நான் விலைக்கு வாங்கி, பிறகு அவளிடமே இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். விடிவதற்குள் அட்டவணையைக் கிழித்தேன். சேர்ந்திருந்த நட்சத்திரங்களுக்கு உரிய பொருளை மறுநாளே வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி ஸ்டார் கிடையாது, அம்மா தெரியாமல் தப்புச் செய்துவிட்டேன் என்று அவளிடமே சொன்னேன். சொல்லாமல் நிறுத்தினால் தண்டனை என்றல்லவா எடுத்துக்கொள்வாள். நட்சத்திரக் கணக்கு அவள் மனத்திலிருந்து மறைய எட்டு வாரம் ஆனது. நன்னடத்தை வகுப்பையும் ஏழாவது வாரத்தோடு நிறுத்திவிட்டேன்; மீதி மூன்று வாரப் பணம் போனது போனதுதான்.

எலியட் டூரியல், ஜூடித் ஸ்மெடானா என்ற உளவியலாளர்களின் ஆய்வுகளும் அப்போதுதான் கண்ணில் பட்டன. ஸ்மெடானா 1981-இல் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்: பிறரை அடிப்பது, தள்ளிவிடுவது போன்றவை விதி இல்லாவிட்டாலும் தவறு என்றும், எங்கே உட்காருவது, எப்படிச் சாப்பிடுவது போன்றவை விதியைப் பொறுத்தவை என்றும் அவ்வளவு சிறிய வயதிலேயே அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் குளிப்பாட்டும்போது சோதித்தேன். "ஒரு வீட்ல ஷூவோட உள்ளே வரலாம்னு சொன்னா வரலாமா?" என்று கேட்டேன். "வரலாம்" என்றாள். "ஒரு வீட்ல அடுத்த பிள்ளையைக் கடிக்கலாம்னு சொன்னா?" அவள் தண்ணீர் வழியும் முகத்தை நிமிர்த்தி, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தாள். "வலிக்குமேம்மா." நான் ஏழு மாதமாக ஒரே அட்டவணையில், ஒரே நிற நட்சத்திரத்தோடு, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குழப்பி எழுதி வைத்திருந்ததை அவள் ஒரே சொல்லில் பிரித்துவிட்டாள். செருப்பைக் கழற்றாததும் கடிப்பதும் ஒரே எடையுள்ள குற்றம் என்பதுபோல் நான் நடத்தியிருந்தேன். சின்னச் சின்ன வழக்கம் ஒவ்வொன்றும் அவளுக்கு யாரையோ காயப்படுத்துவதற்குச் சமமாகத் தோன்றியிருக்க வேண்டும். அப்படித் தோன்றினால் வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு பாதுகாப்பான வழி எது?

அதன்பிறகு எங்கள் வீட்டுப் பேச்சில் 'எல்லா வீட்டு விதி', 'இந்த வீட்டு விதி' என்று இரண்டு சொற்கள் வந்தன. அடிக்கக்கூடாது, கேலி செய்யக்கூடாது, அழுகிறவரைத் தனியே விடக்கூடாது, பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்கக்கூடாது ஆகியவை எல்லா வீட்டு விதி. மற்றவை எல்லாம் இந்த வீட்டு விதி; தவறினால் "எனக்குத் தெரியல, சொல்லித்தாங்க" என்று சொன்னால் போதும். நாட்டுப் பெயர்களை விட்டுவிட்டேன். "கொரியர்கள் இப்படி" என்று சொல்வதற்குப் பதில் "உன் தோழனோட பாட்டிக்கு இரண்டு கையால் கொடுத்தால் பிடிக்கும்" என்றால் விஷயம் முடிந்தது. அதே நாட்டைச் சேர்ந்த அடுத்த வீட்டில் அது தேவைப்படாமலும் போகலாம். ஒருவர் வீட்டுக்குப் போகுமுன் அவர்களுக்கே தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்டுவிடுகிறேன்: காலணியை எங்கே விட வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் குழந்தை எப்படி வணங்கினால் மகிழ்வார்கள், சாப்பாட்டு மேசையில் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா. கேட்க வெட்கப்பட்டேன், ஆனால் இதுவரை ஒருவர்கூடத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, சிலர் அரைமணி நேரம் பேசினார்கள். கிடைத்த பதில்களிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் மகளுக்குச் சொல்வேன். கிளம்புவதற்கு முன் பொம்மைகளை வைத்து ஐந்து நிமிடம் அதை நடித்துப் பார்ப்போம். பெரும்பாலும் அவள்தான் பாட்டி, நான்தான் தப்புச் செய்யும் குழந்தை. ஒரு வருகைக்கு ஒரு வழக்கத்துக்கு மேல் அந்த வயதில் தங்காது என்பது என் அனுபவம்.

வணங்கும் முறை குறித்து ஒரு கூடுதல் குறிப்பு. கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது போன்றவற்றை எந்தப் பண்பாட்டின் பெயராலும் குழந்தை மீது திணிக்க வேண்டாம் என்பதில் நான் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். கை கூப்பலாம், கையசைக்கலாம், கை குலுக்கலாம். எதைச் செய்வது என்று அவள் தேர்ந்தெடுப்பாள், ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மன்னிப்புக் கேட்க வைப்பதிலும் இப்படித்தான். முன்பெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தி "சாரி சொல்லு" என்பேன். அவள் தரையைப் பார்த்து முணுமுணுப்பாள், இடிந்த கட்டைக் கோபுரம் இடிந்தபடியே கிடக்கும். இப்போது "அவன் முகத்தைப் பார், என்ன செய்தால் அவனுக்குச் சரியாகும்?" என்று மட்டும் கேட்கிறேன். சில நேரம் கோபுரத்தைத் திரும்பக் கட்ட உதவுவாள், சில நேரம் தண்ணீர் கொண்டுவருவாள், சில நேரம் ஒன்றும் தோன்றாமல் நிற்பாள். சாரி என்ற சொல் அதற்குப் பிறகு வந்தாலும் வராவிட்டாலும் நான் கவலைப்படுவதில்லை; வேறு பெற்றோர் கவலைப்படுவார்கள் என்பதால் அவர்களிடம் என் வாயால் நானே சொல்லிவிடுகிறேன்.

பொது இடத்தில் குழந்தை சத்தமாகக் கேட்கும் கேள்விகள் வேறொரு சோதனை. தலைப்பாகை அணிந்த ஒருவரைப் பார்த்து, "அந்த அங்கிள் தலையில ஏன் துணி சுத்தியிருக்கார்?" என்று மின்தூக்கியே அதிரக் கேட்டாள். என் பழைய வழக்கம் "உஷ்!" என்று அடக்குவது. அப்படி அடக்கும்போது, அந்த மனிதரிடம் பேசக்கூடாத ஏதோ குறை இருக்கிறது என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்கிறாள். அன்று நான் இயல்பான குரலில், "அது தலைப்பாகை, அவர் தினமும் அழகாகக் கட்டிக்கொள்வார்" என்றேன். அவரே குனிந்து அதன் நீளம் எவ்வளவு என்று கைகளை விரித்துக் காட்டினார். எல்லோரும் அப்படி அன்பாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பதில் சொல்லும் கடமை அவருடையதல்ல, என்னுடையது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

இதில் எனக்கே விழுந்த அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடத்தில் தினமும் மாலையில் படிக்கட்டைத் துடைக்கும் ஒருவர் இருந்தார். ஈரத்தில் வழுக்காமலிருக்க நாங்கள் ஏறும் வரை துடைப்பானை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். ஒருநாள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள், "நீ மட்டும் ஏம்மா அந்த அங்கிளுக்கு தேங்க்யூ சொல்லல?" யோசித்துப் பார்த்தேன். ஏழு மாதத்தில் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. அவர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அவளுக்கு வாங்கிக் கொடுத்த புத்தகங்களில் ஒன்றையாவது நான் படித்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் சொன்னேன். அவர் பதிலுக்கு என் மகளைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் இருவரும் ஏற்கெனவே நண்பர்களாக இருந்திருக்கிறார்கள்.

அவள் பள்ளியில் மீண்டும் பேசத் தொடங்கியது அட்டவணையைக் கிழித்த மூன்றாவது வாரம். இன்னும் எல்லாம் சீராகிவிடவில்லை. பள்ளியில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள் என்பதால், போன மாதம் வீடியோ அழைப்பில் என் அப்பாவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "ஹவ் ஆர் யூ?" என்று விசாரித்தாள். திரையில் அப்பாவின் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது; இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. அன்று நான் அவளைத் திருத்தவில்லை. இப்போது விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது அவளாகவே, "தாத்தா வீட்டு விதி என்னம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திவிட்டு, மற்ற வீடுகளுக்குச் செய்வதுபோலவே அப்பாவுக்கும் அழைத்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். அவர் வெகு நேரம் யோசித்தார். "தாத்தான்னு கூப்பிட்டா சந்தோஷம். மத்தபடி, என் மூக்குக்கண்ணாடியை எடுத்து எங்கயாவது வெச்சிடக் கூடாது, அவ்வளவுதான்மா" என்றார். பொம்மைகளை எடுத்து வைத்து நேற்று இரவு அதைத்தான் நடித்துப் பார்த்தோம். அவள் தாத்தா, நான் கண்ணாடியைத் தொலைத்த குழந்தை.